17 வயசுப் பையனுக்கு இதய நோயா?

ஜப்பான்ல ஒரு 17 வயசுப் பையன். சுமோ பயிற்சிக் கூடத்துல சேர்ந்து சில மாசம்தான் ஆகுது. 2007 ஜூன் 26, இனுயாமா நகரத்துல பயிற்சியின்போது சரிஞ்சு விழுந்து இறந்துட்டான். காரணம் இதய நோய்னு சொன்னாங்க, போலீசும் ஏத்துக்கிட்டாங்க. அவன் அப்பா மட்டும் ஏத்துக்கல.

சுமோ கூடத்துக்கு ஜப்பானியப் பேரு 'ஹெயா'. அறைன்னு அர்த்தம். பேருக்கேத்த மாதிரி சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாமே ஒரே கூரைக்குக் கீழ. ஓய்வுபெற்ற வீரர் ஒருத்தர்தான் தலைமை, அவரை 'ஓயாகதா'ன்னு கூப்பிடுவாங்க. நூத்துக்கணக்கான வீரர்கள்ல மேல இருக்கிற 70 பேருக்குத்தான் மாசச் சம்பளம். மத்தவங்க சமைக்கணும், துவைக்கணும், சீனியர் சாப்பிட்ட பிறகு சாப்பிடணும். புதுசா வந்த பையன் எல்லாருக்கும் கீழ.

இவன் சேர்ந்தது டொகிட்சுகசே கூடம். தொடர்ந்து 69 போட்டி ஜெயிச்ச ஃபுதபயாமா உருவாக்கினது. அந்தச் சாதனையை இன்னிக்கு வரைக்கும் யாரும் முறியடிக்கல. அப்படிப்பட்ட இடம்.

ஜூலை மாச நகோயா போட்டிக்காகக் கூடம் இனுயாமால தங்கியிருந்தப்போ பையன் தப்பிச்சு ஓடப் பார்த்தான். ஓயாகதா பீர் பாட்டிலால தலையில அடிச்சார். அப்புறம் சீனியர்கள் அடிச்சாங்க. மறுநாள் காலையில 'புட்சுகாரி' பயிற்சி. எதிராளி நெஞ்சுல மோதித் தள்ளணும், வழக்கமா சில நிமிஷம்தான். இவனுக்கு அரைமணி நேரம் போல நடந்துச்சு. உலோக பேஸ்பால் மட்டையாலயும் அடி. இந்த மாதிரி 'கவனிப்பு'க்கு சுமோ உலகத்துல பேரு 'கவாய்கரி'. கொஞ்சுறதுங்கிற அர்த்தம் வர்ற வார்த்தை!

உடலை அங்கேயே எரிச்சிடலாம்னு கூடத்துத் தரப்புல சொன்னாங்க. அப்பா ஒத்துக்காம சொந்த ஊரான நீகதாவுக்குக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் காயம். நீகதா பல்கலைக்கழகத்துல பிரேதப் பரிசோதனை நடந்துச்சு. முடிவு: பல காயங்களால ஏற்பட்ட அதிர்ச்சி நிலை, அதாவது ட்ராமாடிக் ஷாக்.

தலையில ரத்தக்கசிவு, பெரிய எலும்பு முறிவு இல்லாமலே அடியால சாக முடியுமான்னு கேப்பீங்க. முடியும். தொடை, முதுகு மாதிரி பெரிய தசைகள் நசுங்கினா ரத்தம் உள்ளுக்குள்ளயே தேங்கிடும், வெளியே ஒரு சொட்டு வராது. ரத்த அழுத்தம் விழும். சிதைஞ்ச தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்துல கலந்தா இதயத் துடிப்பே நின்னுடலாம்.

இதயம் நின்னது உண்மைதான். ஆனா யார் செத்தாலும் கடைசியில இதயம் நிக்கத்தான் செய்யும். அது இறந்த விதம், இறந்ததுக்கான காரணம் இல்ல. இறப்புச் சான்றிதழ் எழுதக் கத்துக்கிற ஜூனியர் டாக்டருக்கு நாங்க சொல்லித்தர்ற முதல் பாடமே இதுதான்.

2007 அக்டோபர்ல சுமோ சங்கம் ஓயாகதாவை நீக்குச்சு. அடுத்த பிப்ரவரியில கைது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 5 வருஷச் சிறை. மூணு சீனியர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

அப்போ ஜப்பான்ல பெரும்பாலான இடங்கள்ல, குற்றச் சந்தேகம் இல்லைன்னா உடலை வெளியே பார்த்தே முடிச்சிடுவாங்க. இந்த வழக்குக்குப் பிறகு அது பெரிய விவாதமாச்சு. 2012-ல புதுச் சட்டம் வந்துச்சு: குற்றச் சந்தேகம் இல்லாட்டியும், குடும்பம் சம்மதிக்காட்டியும், காரணம் தெரியணும்னா போலீஸ் பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். அமலுக்கு வந்தது 2013 ஏப்ரல். பையன் இறந்து ஏறக்குறைய ஆறு வருஷம் கழிச்சு.