செம்பு தின்ற ஊர்

வெள்ளம் வந்தால் சந்தோஷப்படுகிற விவசாயியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஜப்பானில் இருந்தார்கள். டோக்கியோவுக்கு வடக்கே, வாதராசே நதிக்கரையில். நதி அவ்வப்போது கரை தாண்டும். வடியும்போது மலையிலிருந்து அடித்து வந்த வண்டலை வயலில் விட்டுவிட்டுப் போகும். எரு வாங்கும் செலவு மிச்சம். வயலில் நெல், ஆற்றில் மீன். வேறென்ன வேண்டும்?

1877-ல் நதியின் தலைமாட்டில், அஷியோ என்கிற மலையூரில் இருந்த ஒரு பழைய செம்புச் சுரங்கத்தை இச்சிபே ஃபுருகாவா என்பவர் வாங்கினார். ஏறக்குறைய ஓய்ந்துபோன சுரங்கம். ஆனால் சில வருடங்களிலேயே தோண்டத் தோண்டச் செம்பு. 1888-ல் ஜார்டின் மாதிசன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 19,000 டன்னுக்கு ஒப்பந்தம் போட்டது. உலகமெங்கும் தந்திக்கும் மின்சாரத்துக்கும் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானுக்கோ கப்பல் வேண்டும், பீரங்கி வேண்டும், அதற்கெல்லாம் அந்நியப் பணம் வேண்டும். செம்பு அதைக் கொண்டுவந்து கொட்டியது.

விலையை யார் கொடுத்தார்கள்?

செம்புத் தாதுவில் கந்தகம் உண்டு. உலையில் இட்டால் கந்தகப் புகை கிளம்பும். அந்தப் புகையில் மலைக்காடு கருகியது. கருகாமல் நின்ற மரத்தை உலைக்கும் சுரங்கத்துக்கும் வெட்டினார்கள். மலை மொட்டையானது. மொட்டை மலையில் மழை நிற்குமா? அப்படியே வழிந்து நதியில் விழுந்தது. கூடவே சுரங்கக் கழிவும். அதில் செம்பு, ஆர்சனிக்.

மீன்கள் செத்து மிதந்தன. 1890-ல் பெருவெள்ளம். வழக்கம்போல நதி வயலில் வண்டலை விட்டுப் போனது. அந்த வருடம் நெல் வேரோடு பட்டுப்போனது. எரு கொண்டுவந்த அதே வெள்ளம், இப்போது விஷத்தை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து போட்டது.

சேற்றில் இறங்கியவர்களின் காலில் புண். கண்ணில் நோய். தாய்மார்களுக்குப் பால் சுரக்கவில்லை. பின்னாளில் கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தபோது பல ஊர்களில் பிறப்பைவிட இறப்பு அதிகமாக இருந்தது.

கணக்கெடுக்க வைத்தவர் ஷோஸோ தனகா. ஜப்பானின் முதல் பாராளுமன்றத்துக்கு 1890-ல் தேர்வான கிராமத்து மனிதர். 1891-ல் சபையில் எழுந்து கேட்டார்: மக்களை நாசம் செய்கிற சுரங்கத்தை ஏன் மூடவில்லை? பதில் சொல்ல வேண்டியவர் முனெமிட்சு முட்சு. விவசாயம், வர்த்தகம் இரண்டுக்கும் அவர்தான் மந்திரி. அவருடைய இரண்டாவது மகன் ஃபுருகாவாவின் தத்துப்பிள்ளை! காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்று பதில் வந்தது.

அடுத்து சமரசம். கொஞ்சம் பணம் வாங்கிக்கொள்ளுங்கள், 1896 வரை புகார் செய்யாதீர்கள், அதற்குள் புது இயந்திரம் வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவோம் என்றார்கள். வயிறு காய்ந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வந்த இயந்திரம் வீணாகும் செம்புத் தூளைப் பிடிப்பதற்கானது. லாபம் கம்பெனிக்கு. 1896-ல் மறுபடி பெருவெள்ளம். முன்னைவிட மோசம்.

இதைவிடக் கொடுமை, அரசாங்கம் காட்டிய இரக்கம்தான். விளையாத நிலத்துக்கு வரி வேண்டாம் என்று 1890-களின் கடைசியில் தள்ளுபடி செய்தார்கள். நல்ல காரியம்தானே என்று தோன்றும். அன்றைய சட்டப்படி வருடத்துக்கு 15 யென் நேரடி வரி கட்டுகிற ஆணுக்குத்தான் ஓட்டு. வரி போனதும் ஓட்டும் போனது. நிலத்தை இழந்தவன், அதைக் கேட்கிற உரிமையையும் இழந்தான்.

மிச்சமிருந்தது கால்நடையாகத் தலைநகருக்குப் போய்க் கேட்பது ஒன்றுதான். 1900 பிப்ரவரி 13-ல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கிளம்பினார்கள். கவாமட்டா என்ற இடத்தில் போலீஸ் மறித்து அடித்து நொறுக்கியது. வழக்கும் போட்டார்கள், அடி வாங்கியவர்கள் மீது.

தனகா பதவியை விட்டார். 1901 டிசம்பர் 10 அன்று பாராளுமன்றத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மெய்ஜி சக்கரவர்த்தியின் வண்டியை நோக்கி, கையில் மனுவோடு ஓடினார். வண்டியை நெருங்குவதற்குள் இடறி விழ, போலீஸ் அமுக்கிவிட்டது. பைத்தியம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். தண்டித்தால் நாடே பேசும் அல்லவா? அப்படியும் நாடு பேசியது. பத்திரிகைகள் எழுதின. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக அந்தக் கிராமங்களைப் பார்க்கப் போனார்கள்.

அரசு கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தது. சுரங்கத்தை மூடுவதல்ல. வெள்ளத்தைத் தேக்க ஓர் ஏரி. ஏரிக்கு இடம்? யானகா கிராமம். சுமார் 450 குடும்பங்கள். பெரும்பாலோர் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். தனகா அங்கேயே குடியேறினார். 1907-ல், போக மறுத்த 16 வீடுகளை ஆள் வைத்து இடித்தார்கள். அந்த ஜனங்கள் அதே இடத்தில் குடிசை போட்டுக்கொண்டு மழையில் கிடந்தார்கள்.

1913 செப்டம்பர் 4-ல் தனகா இறந்தார். சொத்து ஒரு பை. உள்ளே பைபிளின் புதிய ஏற்பாடு, நாட்டின் அரசியல் சட்டம், எழுதி முடிக்காத காகிதங்கள், கொஞ்சம் கூழாங்கற்கள். அவ்வளவுதான்.

சுரங்கம் ஓடிக்கொண்டே இருந்தது. 1958-ல் கழிவுத் தேக்கம் உடைந்து மறுபடி வயல்கள் பாழாயின. 1973-ல்தான் மூடினார்கள், அதுவும் செம்பு தீர்ந்துபோனதால். 1974-ல் கம்பெனி பொறுப்பேற்று 971 விவசாயிகளுக்கு 155 கோடி யென் கொடுக்கச் சம்மதித்தது. முதலில் நெல் கருகியதைப் பார்த்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன் காலம் அது.

அந்த மனு? சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014 மே மாதம் அன்றைய சக்கரவர்த்தி அகிஹிட்டோ அங்கே போய் அதைப் பார்த்தார். மெய்ஜியின் கொள்ளுப்பேரன். காகிதம் விலாசத்துக்குப் போய்ச் சேர 112 வருடங்கள் ஆகியிருக்கின்றன. அஷியோவின் மொட்டை மலைகளில் இன்னமும் மரம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.