பொறிக்குள் ஒரு பொறி

தை 5ஆம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மணலூர்பேட்டையில், தென்பெண்ணைக்குப் போகும் வழியில் ஒரு வண்டிப் பட்டறை. பட்டறைத் தம்பி பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஒயரில் மாட்டி, எஞ்சின் தலையில் ஒட்டப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தார். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் நீலமாய் ஒன்று துள்ளி மறைந்தது. "கரண்டு வருதுண்ணா" என்றார்.

அந்த நீலத்துக்கு நம்மிடம் உள்ள பெயர் பொறி. சொல்லிப் பாருங்கள்: இதழ் மூடித் திறக்கப் பகரம் பிறக்கிறது, நாநுனி அண்ணத்தை ஒற்ற றகரம் தெறிக்கிறது, ஒற்றாமல் வருடினால் ரகரமாகி, சொல் அவல் பொரிக்கடைக்குப் போய்விடும்.

பொறித்தல் என்றால் அழுந்தப் பதித்தல். சோழர் புலியும் பாண்டியர் கயலும் சேரர் வில்லும் முத்திரையாய்ப் பதிந்தபோது பொறி. உலகம் வந்து பதியும் மெய், வாய், கண், மூக்கு, செவி ஐம்பொறி. இருளில் தீ பதிக்கும் புள்ளி தீப்பொறி. பதிவதே இவற்றின் உயிர் என்பது என் துணிபு. எந்திரப் பொருளும் நேற்று வந்ததன்று: சிலப்பதிகாரத்தின் மதுரை மதிலில் போர்ப்பொறிகள் உண்டு, சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்தது மயிற்பொறி. அந்தப் பழம்பொருளை எடுத்துத்தான் பொறியியல் என்று பெயரிட்டோம்.

பட்டறையில் புழங்கும் இக்னிஷன் என்ற சொல்லுக்குள் இலத்தீன் இக்னிஸ் இருக்கிறது. வடமொழி அக்கினிக்கு உடன்பிறப்பு. அக்கினித் தலத்து அண்ணாமலையார் நீராட வரும் ஊரில் அச்சொல்லும் அயலாகத் தோன்றவில்லை. பிளக் என்பதோ வெறும் அடைப்பான். பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில், காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென அறுபடும்போது, அதன் மெல்லிய சுற்றுகளில் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டாக எகிற, பொறி காற்றையே பிளந்து தாவுகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே தாவினால்தான் பெட்ரோல் கலவை பற்றி முழு விசையும் கிடைக்கும். பொறிக்குள் பொறி! கிணற்றடி டீசல் எஞ்சினில் பிளக்கே கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கிக் கொதிக்கவைத்தே டீசலைப் பற்றவைக்கிறது. பொறியில்லாப் பொறி அது.

"அந்தக் கரண்டைப் பொறின்னு சொல்லலாமே, தம்பி?" என்றேன்.

பிளக்கை முறுக்கிக்கொண்டே கேட்டார்: "பொறின்னா எலிப்பொறி இல்லீங்களாண்ணா?"

அதுவும்தான்.