இரவல் அப்பாக்கள்

கூச்பிகார் ராஜாவும் ரங்பூர் ஃபௌஜ்தாரும் கிராமங்களைப் பந்தயம் வைத்துச் சதுரங்கம் ஆடினார்களாம். இந்திய - வங்கதேச எல்லையில் நாட்டுக்குள் நாடாகச் சிதறிக் கிடந்த 'சிட்மஹால்' ஊர்கள் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள். சுவையான கதை, அவ்வளவுதான். மொகலாயர்களுடன் நடந்த சண்டை 1713-ல் உடன்படிக்கையில் முடிந்தபோது, அவரவர் பிடியில் இருந்த நிலம் அவரவரிடமே தங்கிவிட்டது. அன்றைக்கு வரியை யாரிடம் கட்டுவது என்பதோடு விஷயம் முடிந்தது.

வினை 1947-க்குப் பிறகுதான். ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. கூச்பிகார் 1949-ல் இந்தியாவோடு சேர்ந்தது. 1952-ல் பாஸ்போர்ட், விசா வந்தன. வேடிக்கையைப் பாருங்கள்: பாகிஸ்தானுக்கு நடுவே இருந்த இந்திய ஊர்க்காரர் பாஸ்போர்ட் வாங்க இந்தியாவுக்குப் போகவேண்டும். போவதற்கோ பாஸ்போர்ட் வேண்டும்!

இந்தப் பக்கம் இருந்த வங்கதேசச் சிட்மஹால்களிலும் அதே கதிதான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பக்கத்து இந்திய ஊர்க்காரர் ஒருவரை அப்பா என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன பெண்கள் வேறொருவரைக் கணவர் என்றார்கள்.

இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் 1974-லேயே ஒப்பந்தம் போட்டார்கள். 162 துண்டு நிலங்கள் கைமாறியது 2015 ஜூலை 31 நள்ளிரவில்! குடியுரிமை வந்தது. பலருடைய பள்ளிச் சான்றிதழில் மட்டும் அந்த இரவல் அப்பாவின் பெயர் அப்படியே நின்றது.