ராத்திரி ரெண்டு மணி வலி

கை ஆபரேஷன், தோள்பட்டை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பகலெல்லாம் சுகம், கை மரத்துக் கிடக்கும். மரப்பு விடுவது நட்டநடு ராத்திரி. டாக்டர் வீட்டில், துணைக்கு வந்த பெண் நாற்காலியில் தூக்கம். வலி மொத்தமும் அப்போதுதான் வந்து இறங்கும். மயக்க மருந்து தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது ரொம்ப நாள் தலைவலி.

கதை 1884-ல் ஆரம்பம். வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் டாக்டர், கொக்கெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப் போகும் என்று கண்டார். (பிற்பாடு நம்மைப்போல் கடல் தாண்டி நியூயார்க்கில் பிழைத்தவர்!) சீக்கிரமே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் அதை நரம்போரம் ஊசியாகப் போட்டார், தன்மேலேயே சோதித்து, பாவம், அதற்கே அடிமையானார். பிறகு ஸ்வீடன்காரர்கள் 1943-ல் லிடோகெய்ன், 1957-ல் பியூபிவகெய்ன் என்று செய்து கொடுத்தார்கள். பியூபிவகெய்ன் இன்றும் ஓடுகிறது. ஆனால் காலை பத்து மணிக்குப் போட்டால் ஏறக்குறைய நடுராத்திரி வரைதான். நரம்போரம் குழாய் வைத்து பம்பில் மருந்து விடலாம். அதற்குக் காசும் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

இங்கேதான் ஸ்டீராய்டு வருகிறது. ஸ்ரீவராகத்தில் என் சித்தியிடம் டாக்டர் இந்த வார்த்தையைச் சொல்ல, உடனே எனக்கு ஃபோன்: "ஐயோ, அதெல்லாம் எதுக்குடா?" பயம் நியாயம்தான். 1948-ல் மேயோ கிளினிக்கில் ஹென்ச் கார்டிசோன் கொடுத்த மூட்டுவாத நோயாளி சில நாளில் எழுந்து நடமாடினார். 1950-ல் நோபல் பரிசு. அப்புறம்தான் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு முகம் உப்பியதும் எலும்பு தேய்ந்ததும் தெரிந்தது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. நாங்கள் போடுவதோ ஒரே ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன். சில ரூபாய் ஆம்பூல்.

அதை மரப்பு மருந்தோடு கலந்து நேபாள டாக்டர்கள் 2003-லும், தெஹ்ரானில் 2006-லும் கட்டுரை எழுதினார்கள். பணக்கார நாடுகளுக்கு முன்னாலேயே இவர்கள் மெனக்கெட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பம்பு வாங்க முடியாத இடத்தில்தான் ஆம்பூலின் அருமை தெரியும். 2011-ல் அமெரிக்காவில் 8 மில்லிகிராம் கலந்து பார்த்தார்கள்: தோள்பட்டை மரப்பு சுமார் 22 மணி நேரம். அதாவது விடிந்து, டாக்டர் வந்து, காப்பியும் குடித்த பிறகுதான் வலி :-)

வேடிக்கை இனிமேல்தான். நரம்பில் என்னவோ மாயம் நடக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, 2013-ல் பெல்ஜியத்தில் அதே மருந்தைச் சும்மா ரத்தக்குழாயில் போட்டார்கள். ஏறக்குறைய அதே பலன்! 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையில், நரம்போரம் போட்டால் மூன்று மணி நேரம்போலக் கூடுதல், அவ்வளவுதான்.

நரம்போரம் போட இந்த மருந்துக்கு முறைப்படி அனுமதி இல்லை. மூன்று மணி நேரத்துக்காக நரம்பைச் சீண்டுவானேன் என்பது என் கட்சி; நான் ரத்தக்குழாயிலேயே போடுகிறேன். எதிர்க்கட்சி நண்பர்களும் உண்டு. எப்படிப் போட்டாலும் சர்க்கரை ஒன்றிரண்டு நாள் ஏறலாம். ஊரில் அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால், சர்க்கரை இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.