கழுகு உயர்ந்த கதை: பறவை, பாம்புப் பெயர்களின் பொருள் நகர்வு

செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில், வேதகிரி மலைமேல், நண்பகல் பூசை முடிந்ததும் இரண்டு பறவைகள் இறங்கி வந்து பூசகர் வைத்த உணவை உண்டுவிட்டுப் பறந்துபோகும். தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே கூடிநின்று கண்ட காட்சி அது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுபோனது. பறவையியலாளர்கள் அவற்றை ஐயமின்றி இனங்கண்டிருக்கிறார்கள்: மஞ்சள்முகப் பாறு. அழுக்கு வெள்ளை உடல், மயிரற்ற மஞ்சள் முகம், செத்ததையும் கழிவையும் தின்று வாழும் இயல்பு. மூவர் தேவாரமும் பாடிய ஒரு தலத்துக்குப் பெயர் கொடுத்த 'கழுகு' இதுதான்.

இன்று ஒரு பள்ளிச் சிறுவனிடம் கழுகு வரையச் சொன்னால் வெண்தலையும் வளைந்த அலகும் கொண்ட அமெரிக்கப் பறவையை வரைவான். ஊர்ப்பெயரில் ஒரு பறவை, அவன் மனத்தில் வேறொரு பறவை. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று தேடப் போனால், கழுகோடு பருந்தும் எருவையும் கருடனும் வந்து சேர்கின்றன. கருடன் வந்தால் பாம்பும் வரத்தானே செய்யும்? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது இது: தமிழில் பாம்புப் பெயர்கள் கூர்மையாகவே நின்றன; வானத்துப் பறவைகளின் பெயர்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. காலடியில் கிடப்பதைத் தவறாக இனங்கண்டால் உயிர் போகும். உயரே வட்டமிடுவதை எப்படி அழைத்தாலும் அழைப்பவனுக்கு நட்டமில்லை. அதனால்தான் சமயமும் மொழிபெயர்ப்பும் வான்பறவைகளின் பெயர்களை எளிதில் இழுத்துச் செல்ல முடிந்தது.

முதலில் எருவை. அகநானூற்றின் பாலைப் பாடல்களில் வரும் எருவை, வழிப்போக்கர் மடிந்து கிடக்கும் சுரத்தில் ஊன் தேடும் பறவை. அதன் காதுப்புறம் ஊனின் நிறமாய்ச் சிவந்திருப்பதைப் புலவர்கள் கவனித்துச் சொல்கிறார்கள். தலையும் கழுத்தும் சிவந்து, காதருகே சதை மடிந்து தொங்கும் பறவை நம் நாட்டில் ஒன்றுதான்: செந்தலைப் பாறு. பார்த்தவர் எழுதிய வருணனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிற்கால உரைமரபும் அகராதியும் எருவையைத் 'தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து' என்று விளக்குகின்றன. அது செந்தலைப் பாறுக்கு நேர்மாறான நிறம். குளக்கரைகளில் நாம் காணும் செம்பருந்தின் நிறம். செம்பு, குருதி என்ற பொருள்களும் எருவைக்கு உண்டு. 'சிவப்பு' என்ற நினைவு மட்டும் தங்கி, சிவந்தது தலையா உடலா என்பது மாறிப்போனது. பாலை நிலத்துப் பறவையை நேரில் கண்டறியாத உரையாசிரியர் தமக்குத் தெரிந்த சிவப்புப் பறவையை அங்கே உட்கார வைத்துவிட்டார் என்றே கருதுகிறேன்.

கம்பனிடம் வரும்போது எருவையும் கழுகும் ஒரே உயிரைச் சுட்டும் இணைச்சொற்கள். சடாயுவுக்கு இரண்டையும் ஆள்கிறான். வடமொழி மரபில் சடாயு 'கிருத்திரர்' எனப்படும் பிணந்தின்னிப் பறவைகளின் அரசன். சீதைக்காகச் சிறகிழந்து மடிந்தவனைக் கழுகு என்று சொல்வதில் கம்பனுக்குச் சிறிதும் தயக்கமில்லை. 'பிணந்தின்னி' என்ற அடைமொழியின் இழிவு அன்று அந்தப் பெயரில் ஒட்டியிருக்கவில்லை.

பேச்சுவழக்கு இலக்கியத்தைவிடச் சிறந்த சான்று தருகிறது. எங்கோ நடப்பதை மோப்பம் பிடித்து ஒருவர் வந்து நின்றால் 'கழுகுக்கு மூக்கில் வேர்த்தது போல' என்கிறோம். இது செத்த விலங்கைத் தேடி வரும் பறவையைப் பற்றிய சொல். (உண்மையில் நம் நாட்டுப் பாறுகள் மோப்பத்தால் அல்ல, கண்பார்வையால்தான் இரையைக் கண்டுபிடிக்கின்றன.) உயரத்துக்கும் பெருமைக்கும் பழமொழி தேர்ந்தெடுத்தது பருந்தை: ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகாது. இலக்கணமும் அப்படியே. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் சூத்திரங்கள் அமையும் முறைக்கு உவமை தேடியபோது ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்ச்சல் ஆகியவற்றோடு சேர்த்தது பருந்தின் வீழ்ச்சியைத்தான். உயரத்திலிருந்து குறிபார்த்து விழும் ஆற்றல் பருந்துக்குரியது. கழுகுக்கு அந்த இடம் அப்போது இல்லை.

பிறகு கழுகு உயர்ந்தது. இதில் கிறித்தவ மொழிபெயர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தரங்கம்பாடியில் 1714இல் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியது முதல், எபிரேய, கிரேக்க மூலங்களின் பறவைப் பெயர்களுக்குத் தமிழ் தேட வேண்டியிருந்தது. எபிரேயத்தின் 'நெஷர்' இருபொருள் கொண்ட சொல். ஏசாயாவில் அது சிறகடித்து எழும் வலிமையின் உருவம். மீகாவிலோ மொட்டைத் தலைக்கு உவமை. மொட்டைத்தலை பாறுக்கு உரியதேயன்றிப் பருந்துக்கு அல்ல. பிணம் கிடக்கும் இடத்தில் கூடுவதாக மத்தேயு சொல்லும் கிரேக்கப் பறவைக்கும் இதே இரட்டைத்தன்மை. இன்று வழங்கும் தமிழ் விவிலியம் இந்த இடங்களில் கழுகு என்கிறது. தமிழ்க் கழுகின் பழம்பொருள் மூலத்தின் ஒரு பாதிக்கு மிகப் பொருந்தியது. மறுபாதியோ கழுகுக்கு ஒரு புதிய கம்பீரத்தைத் தந்தது. ஞாயிறுதோறும் ஏசாயா வாசிக்கக் கேட்டவர்களுக்குக் கழுகு நம்பிக்கையின் பறவையானது. அதன்மேல் ஆங்கிலக் கல்வி வந்தது, நாடுகளின் சின்னங்கள் வந்தன, செய்தித்தாள்கள் வந்தன. இன்று 'கழுகுப் பார்வை' என்பது பாராட்டு. பழம்பொருளைச் சொல்ல வேண்டுமானால் 'பிணந்தின்னிக் கழுகு' என்று நீட்ட வேண்டியிருக்கிறது.

கருடனின் பாதை வேறு. அது வடமொழியிலிருந்து ஒரு தடவை மட்டும் வரவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஒலியுடன் வந்தது. பழையது உவணம். 'அழகிய சிறகுடையது' எனப் பொருள்படும் சுபர்ணம், பிராகிருதத்தின் வழியே முதல் சகரத்தை இழந்து தமிழில் உவணமானது. சமணர் அமணர் ஆனதும், சபை அவை ஆனதும் இதே வழியில்தான். மதுரையில் திருமால் கோயிலைச் சுட்ட இளங்கோ ஆளும் சொல் இது. இன்னொரு வடிவம் கலுழன். கம்பனின் நாகபாசப் படலத்தில் இலக்குவனைப் பிணித்த பாம்புக் கணைகளை அறுக்க வருபவன் கலுழன்தான். கருடன் என்ற வடிவம் கடைசியில் வந்து மற்ற இரண்டையும் ஏட்டுக்குள் தள்ளிவிட்டது. வைணவர்கள் இவை எதுவும் இல்லாமலேயே 'புள்' என்றும், அன்போடு 'பெரிய திருவடி' என்றும் அழைத்தார்கள். இந்த இரண்டும்தான் எனக்கு மிக நெருக்கமானவை.

புராணப் பறவை மண்ணில் எதன்மேல் இறங்கியது என்பதுதான் வியப்பு. தமிழகத்தில் கருடன் என்று கைகூப்பப்படுவது செம்பருந்து. அதன் உணவு பெரும்பாலும் மீனும் நண்டும் செத்தவையும். பாம்பு எப்போதோ ஒருமுறை. பாம்பையே முதன்மை இரையாகக் கொண்ட குடுமிப் பாம்புப் பருந்து நம் காடுகளிலேயே இருக்கிறது. அதைக் கருடன் என்று கும்பிடுவோர் அரிது. வெண்மார்பும் செந்நிறச் சிறகும் கோயில் ஓவியத்துக்கு ஒத்துவந்தன. தேர்வு கண்ணால் நடந்தது, இரையால் அல்ல. இந்தியக் கடற்படை தன் விமானத் தளங்களுக்கு இட்ட பெயர்களிலும் இந்த வரலாற்றின் அடுக்குகள் தெரிகின்றன: கொச்சியில் கருடா (1953), அரக்கோணத்தில் ராஜாளி (1992), உச்சிப்புளியில் பருந்து (2009).

இனி மண்ணுக்கு வருவோம். பாம்பு என்ற சொல்லே திராவிட மொழிகளில் உறுதியாக வேர்விட்டது: தெலுங்கில் பாமு, பழங்கன்னடத்தில் பாவு, பின்னர் ஹாவு. வடமொழியிலிருந்து வந்தவை பெரும்பாலும் அதன் நடையை வருணிப்பவை. உரகம் மார்பால் செல்வது, சர்ப்பம் ஊர்வது. கண்ணே செவியானது என்ற கற்பனையில் பிறந்தது கட்செவி. இவை நிகண்டுக்கும் செய்யுளுக்கும் பயன்பட்டன. வயல்வரப்பில் நடப்பவனுக்கு வேண்டியிருந்தவை வேறு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, கொம்பேறி மூக்கன். உடலில் வெள்ளைக் கட்டுகள், கண்ணாடி வளையம் போன்ற புள்ளிகள், சுருண்டு உரசும் தன்மை என்று ஒவ்வொரு பெயரும் ஓர் அடையாளக் குறிப்பு. முதல் நான்கும்தான் இந்தியாவில் நஞ்சுமுறி மருந்து தயாரிக்க அடிப்படையான நான்கு பாம்புகள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்செடுப்பதும் இந்த நான்கிலிருந்துதான். மருத்துவம் பிரித்தறிந்த நான்கையும் பேச்சுத்தமிழ் எப்போதோ பிரித்துப் பெயரிட்டிருந்தது. விலங்கியலின்படி கட்டுவிரியன் விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, நல்ல பாம்பின் உறவு. தமிழ்ப் பெயர் உறவைப் பார்க்கவில்லை, ஆபத்தைப் பார்த்தது.

இந்தக் கூர்மையை அறிவியலும் கடன் வாங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்த பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, பாம்புகளின் தெலுங்குப் பெயர்களையும் சேர்த்துப் பதிந்தார். மஞ்சளும் கறுப்புமாய் வளையமிட்ட பாம்புக்கு அவர் கேட்ட பெயர் 'பங்காரு பாமு', அதாவது பொன் பாம்பு. அதிலிருந்து பிரெஞ்சு விலங்கியலாளர் தோதின் 1803இல் 'பங்காரஸ்' என்ற பேரினப் பெயரை அமைத்தார். நம் கட்டுவிரியனும் அந்தப் பேரினத்தில்தான் அடங்குகிறது. கண்கொத்திப் பாம்பின் பேரினப் பெயரான 'அஹேதுல்லா' சிங்களத்திலிருந்து சென்றது; அங்கும் பொருள் கண்ணைக் கொத்துவதே.

மிக நீண்ட பயணம் அனகொண்டாவுடையது. 1693இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே இலங்கைப் பாம்பு ஒன்றை இந்தப் பெயரின் பழைய வடிவத்தில் பட்டியலிட்டார். எருமைகளை நொறுக்குவது என்று குறிப்பும் தந்தார். பின்னர் இந்தப் பெயர் கடல் கடந்து, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத தென்னமெரிக்கப் பாம்பின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. 'யானை கொன்ற' என்ற தமிழ்த்தொடரே இதன் மூலம் என்று அகராதியாளர் யூல் 1886இல் எழுதினார். சிங்களத்தின் 'ஹெனகந்தயா' என்பர் வேறு சிலர். ஒலியைப் பார்த்தால் சிங்கள மூலமே வலுவாக நிற்கிறது. ஆனால் மலைபடுகடாம் யானையையும் பிடிக்கும் மாசுணம் என்னும் மலைப்பாம்பைப் பற்றிக் கூத்தர்களை எச்சரிக்கிறது. விழுந்த மரம் என்று எண்ணி ஏமாறக்கூடாதாம். யானையை வெல்லும் பாம்பு என்ற எண்ணம் தமிழில் பழையது என்பதால் யூலின் ஊகத்தை முழுதாக ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

துல்லியமான பெயர் இருந்தும் அதை உச்சரிக்கத் தயங்கிய மக்களும் நாமே. விளக்கு வைத்தபின் பாம்பு என்று சொல்லக்கூடாது. 'பூச்சி' என்றோ 'கயிறு' என்றோ சொல்ல வேண்டும். கடித்தது என்பதையும் 'பூச்சி தொட்டுவிட்டது' என்பார்கள். படமெடுக்கும் பாம்புக்கு 'நல்ல' என்று பெயரிட்டதும் இதே அச்சமும் மரியாதையும் சேர்ந்த மனம்தான். மலையாளம் அதே பாம்பை 'மூர்க்கன்' என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

பருந்தும் பாம்பும் ஒன்றையொன்று எதிர்கொண்டு நிற்கும் இடம் யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறிக்க, அவ்வழி கப்பலில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காக மன்றாடினான் என்பது தலக்கதை. பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரண்டு பாறைகளை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். பகையைத் தீர்த்துவைத்த மனிதனும் உள்ள கதை என்பதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெயர் நகர்ந்தால் அழைப்பவனுக்கு நட்டமில்லை என்றேன். அழைக்கப்படும் பறவைக்கு உண்டு. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, அவற்றின் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1990களில் தொடங்கிய இந்தச் சாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து இந்தியாவில் 2006இல் தடைசெய்யப்பட்டது. தமிழகத்தில் எஞ்சியவை பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வாழ்கின்றன. அவற்றைக் காக்க ஊர் ஊராகப் பேசப்போனவர்களுக்குப் 'பிணந்தின்னிக் கழுகு' என்ற பெயரே தடையாயிற்று. அப்படி ஒரு பெயருள்ள பறவைமேல் யாருக்கு இரக்கம் வரும்? அதனால் அவர்கள் 'பாறு' என்ற பழஞ்சொல்லை ஏட்டிலிருந்து எடுத்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டு வனத்துறையின் கணக்கெடுப்புச் செய்திகளிலும் அந்தச் சொல் இடம்பெறுகிறது.