1938, பெர்லின்: இரண்டு மணி நேரத்து உலகச் சாம்பியன் போட்டி

தமிழில் ‘கைப்பந்து’ என்றால் பெரும்பாலோர் நினைப்பது வாலிபாலை. பந்தைக் கையால் எறிந்து கோலுக்குள் புகுத்தும் ஹேண்ட்பாலைச் சிலர் ‘எறிபந்து’ என்று எழுதுகின்றனர். த்ரோபாலுக்கும் அதே சொல் வழங்குகிறது. இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஹேண்ட்பால் பிறந்த ஐரோப்பாவிலேயே அப்பெயரின்கீழ் இரண்டு ஆட்டங்கள் நெடுங்காலம் நிலவின.

டென்மார்க்கில் ஹோல்கர் நீல்சன் என்ற ஆசிரியர் 1906இல் ‘ஹாண்ட்போல்ட்’ விதிகளை அச்சிட்டார். பெர்லினில் மாக்ஸ் ஹைசர், பெண்கள் ஆடிவந்த ‘டோர்பால்’ என்ற கோல்பந்தாட்டத்துக்கு 1917 அக்டோபர் 29 அன்று ‘ஹாண்ட்பால்’ என்று பெயர் சூட்டி விதி வகுத்தார். ஈராண்டுகளில் கார்ல் ஷெலன்ஸ் அதை ஆண்களுக்கான முரட்டு ஆட்டமாக மாற்றியமைத்தார். ஜெர்மானியரின் ஹேண்ட்பால் கால்பந்துத் திடலில் அணிக்குப் பதினொருவர் ஆடுவது. பனியும் இருளும் நீண்ட வட நாட்டவரோ கூடத்துக்குள் எழுவர் ஆடும் வடிவத்தை வளர்த்தனர்.

சர்வதேச அரங்கில் முந்திக்கொண்டது ஜெர்மானிய வடிவம்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் திடல் ஹேண்ட்பால் இடம்பெற்றது. ஆறு நாடுகள் கலந்துகொண்டன. டென்மார்க்கும் ஸ்வீடனும் அவற்றுள் இல்லை. ஆகஸ்ட் 14 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி ஆஸ்திரியாவை 10-6 என்று வென்றது. (மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஹாக்கி இறுதியில் தியான் சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று வென்றது அதற்கு மறுநாள்.)

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் 1938 பிப்ரவரி 5, 6 ஆகிய நாட்களில் நடந்த முதல் ஆடவர் உள்ளரங்க உலகச் சாம்பியன் போட்டி எவ்வளவு சிறியது என்பது புலப்படும். ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட டாய்ச்லாண்ட்ஹாலே என்ற பெருங்கூடமே களம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் என நான்கே அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோத, ஆறு ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் பத்துப் பத்து நிமிடங்களாக இரு பாதி. இடைவேளைகளை நீக்கிக் கூட்டினால், உலகச் சாம்பியனைத் தீர்மானிக்க ஆன நேரம் சரியாக இரண்டு மணி.

ஜெர்மனி மூன்று ஆட்டங்களையும் வென்றது. ஆயினும் ஆஸ்திரியாவுடனான வெற்றி 5-4. ஒரே ஒரு கோல். ஆஸ்திரியா இரண்டாமிடம், ஸ்வீடன் மூன்றாமிடம். உள்ளரங்க ஆட்டத்துக்கே தாயகமான டென்மார்க் கடைசி இடம். ‘உலக’ என்ற அடைமொழி இங்கே நான்கு ஐரோப்பிய நாடுகளைக் குறித்தது. அக்கால விளையாட்டு அமைப்புகளின் சொல்லாட்சியில் இது புதுமையன்று.

பதிவேடுகளில் இப்போட்டி இவ்வளவே. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்தால் வேறொன்றும் தெரிகிறது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், பிப்ரவரி 4 அன்று, ஹிட்லர் போர் அமைச்சகத்தையே கலைத்து ஆயுதப்படைகளின் தலைமையை நேரடியாகத் தம் கையில் எடுத்துக்கொண்டார். போட்டி முடிந்த ஆறாம் நாள், பிப்ரவரி 12 அன்று, ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் கர்ட் ஷுஷ்னிக் பெர்க்டெஸ்காடனுக்கு வரவழைக்கப்பட்டு, மிரட்டலின்கீழ் கையொப்பமிட்டார். மார்ச் 12 அன்று ஜெர்மானியப் படைகள் எல்லை கடந்தன. மறுநாள் இணைப்புச் சட்டம் வந்தது. சாம்பியனோடு ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற நாடு முப்பத்தைந்து நாட்களில் நாடாக இல்லாமற்போயிற்று.

அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மனியில் பத்து அணிகளோடு திடல் ஹேண்ட்பால் உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக்கிலும் உள்ளரங்கிலும் இரண்டாமிடம் பெற்றிருந்த ஆஸ்திரியா அதில் இல்லை. இறுதியில் ஜெர்மனி சுவிட்சர்லாந்தை 23-0 என்று வீழ்த்தியது. ஈராண்டுகளுக்கு முன் 10-6, அவ்வாண்டு பிப்ரவரியில் 5-4, இப்போது 23-0. ஈடுகொடுக்கக்கூடிய ஓர் எதிராளியை விழுங்கிய பின் ஆடும் இறுதிப் போட்டி எப்படியிருக்கும் என்பதை இம்மூன்று எண்களே காட்டுகின்றன.

நாட்டைத் தொடர்ந்து பெயரும் போயிற்று. ‘ஓஸ்டரைஷ்’ என்ற பெயரில் ‘ரைஷ்’ இருப்பதே உறுத்தியதுபோலும்! 1939இன் சட்டம் ‘ஓஸ்ட்மார்க்’, அதாவது கீழை எல்லைப்புறம், என்ற பெயரை நிலைநாட்டியது. 1942இல் அதுவும் கைவிடப்பட்டு, ஆல்ப்ஸ்-டான்யூப் மாவட்டங்கள் என்ற பொருளில் வெறும் நிலவியல் தொடர் ஒன்று புழக்கத்துக்கு வந்தது.

1946இல் எட்டு நாடுகள் கோபன்ஹேகனில் கூடி இன்றைய சர்வதேச ஹேண்ட்பால் கூட்டமைப்பைத் தோற்றுவித்தபோது ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அங்கு இல்லை. அடுத்த உள்ளரங்க உலகச் சாம்பியன் போட்டி நடக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1954இல் ஸ்வீடன் தன் மண்ணிலேயே ஜெர்மனியை 17-14 என்று வென்றது. திடல் ஆட்டம் மெல்லத் தேய்ந்தது. 1966இல் ஆஸ்திரியாவில் நடந்ததே அதன் கடைசி உலகச் சாம்பியன் போட்டி. 1972இல் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய ஹேண்ட்பால், எழுவர் கூடத்துக்குள் ஆடும் வட நாட்டு வடிவமே.

தான் பிறப்பதற்கு எட்டாண்டு முன் நடந்த பெர்லின் போட்டியையே புதிய கூட்டமைப்பு தன் வரிசையில் முதலாவதாக எண்ணுகிறது. 1938 என்ற ஆண்டின் எதிரே, இரண்டாமிடத்தில், ஆஸ்திரியா என்ற பெயர் இருக்கிறது. ஆடவர் உள்ளரங்க உலகச் சாம்பியன் போட்டிகளில் அந்நாடு எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றளவும் அதுவே.