மன்னார்குடி மாட்டுவண்டி நூலகம்

நூலகம் என்றவுடன் கட்டடமும் அலமாரிகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் மன்னார்குடி வட்டாரத்தின் நூலக வரலாற்றில் சிறப்புமிக்க ஏடு ஒரு மாட்டுவண்டியைப் பற்றியதாகும்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். பொது நூலகங்கள் அங்கு எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைக் கண்டு திரும்பினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பதை அவர் நூலக விதிகளுள் ஒன்றாக வகுத்தார். அவ்விதிகளை விளக்கும் நூல் 1931-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் நூல்களை ஏற்றிய மாட்டுவண்டியைச் சிற்றூர்களுக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். நூலைத் தேடி வர இயலாத உழவரை நூலே தேடிச் சென்றது. பின்னர் 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியுடன் நூலக வரியும் தண்டப்பெற்று, ஊர்தோறும் கிளை நூலகங்கள் எழ வழி பிறந்தது.

இவ்வரலாற்றோடு நம் மக்களின் வரலாற்றையும் சேர்த்துப் பயிலுதல் வேண்டும். பொதுச் சாலை, கிணறு, பொது இடங்கள் ஆகியவை எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் கொண்டுவர வேண்டியிருந்தது. 1938-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. வாயிலில் நிற்கவே சட்டம் தேவைப்பட்ட மக்களுக்கு, நூலகப் படியேறுதல் எளிய செயலன்று.

சட்டம் கதவைத் திறந்தது. எனினும் நூல் வீடு வந்து சேர இன்னும் சில படிகள் இருந்தன. யான் எட்டாம் வகுப்பில் பயின்றபோது, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அமர்ந்து படிக்கத் தடையில்லை. நூலை எடுத்துச் செல்லவோ முன்பணமும் பிணைக் கையொப்பமும் வேண்டும் என்றனர். எங்கள் தெருவில் பிணை நிற்கத்தக்க அரசு ஊழியர் ஒருவரும் இலர். பல நாள் அலைந்தபின் என் வகுப்பாசிரியர் கையொப்பமிட்டார். அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கொளியில் நூலை உரக்கப் படித்தேன். எழுத்தறியாத என் தாயார், "இன்னொரு தடவை படிப்பா" என்றார். இன்று தலைமையாசிரியனாகிய யான், பிணைப் படிவத்துடன் வரும் எப்பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் தெருப் பிள்ளைகளின் நூலக முன்பணத்தையும் பிணையையும் சங்கமே ஏற்றுக்கொள்ளட்டும். ஞாயிறுதோறும் நம் இளைஞர்கள் மிதிவண்டியில் நூல்களை வீடுவீடாகக் கொண்டு செல்லட்டும். 1931-இல் ஒரு மாட்டுவண்டியால் இயன்றது நம்மாலும் இயலும்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!